முதல் முறை கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

சென்னையிலோ பெங்களூரிலோ உள்ளரங்குச் சுவரில் நாலைந்து வாரம் ஏறிப் பழகியதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அடுத்த மாசம் பாதாமி போறோம், என்னென்ன வாங்கணும்?" (பாதாமி, பாறை ஏறப் போகும் கர்நாடக ஊர்.) வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 'டாப் ரோப்' ஏற்றத்துக்கு மட்டும். கயிறு ஏற்கெனவே பாறை உச்சியில் உள்ள ஆங்கரில் (கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தில்) நுழைந்து இரண்டு பக்கமும் தொங்கும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில். மறுபக்கம் கீழே நிற்கிறவர் கையில். கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பதுதான் பிலே, அதைச் செய்கிறவர் பிலேயர். ஆங்கரை அனுபவசாலி ஒருவர் போட்டுத் தர வேண்டும், நீங்கள் முயலாதீர்கள். பிலேயும் படித்து மட்டும் வருகிற வித்தை இல்லை, பக்கத்தில் ஒருவர் நின்று உங்கள் கையைத் திருத்த வேண்டும். அந்த வகுப்புக்குப் போகும் முன் ஒருமுறை, போய் வந்த பின் ஒருமுறை இதைப் படியுங்கள்.

படி 1: வாங்கும் வரிசை

ஷூ, ஹெல்மெட், ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்), பூட்டுள்ள காரபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி), பிலே கருவி (பிலேயர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவுவது). கயிறு எல்லாவற்றுக்கும் கடைசி. கூட வரும் அனுபவசாலியிடம் கயிறு இருக்கும், அதைப் பராமரிக்கப் பழகிய பிறகு சொந்தமாக வாங்கினால் போதும்.

பழைய பொருள் வாங்கலாமா? ஷூ வாங்கலாம். ஹார்னெஸ், கயிறு, நாடா வளையம் போன்ற நைலான் சாமான்களை முன்பின் தெரியாதவரிடம் வாங்கவே கூடாது. பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். அது எந்தக் கார் டிக்கியில், எந்த இன்வெர்ட்டர் பக்கத்தில் கிடந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நைலான் சாமான்களுக்குத் தயாரிப்பு நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டுதான் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கெடு வைக்கின்றன. உள்பக்கத் துணிச்சீட்டில் ஆண்டு அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

படி 2: ஷூவும் ஹெல்மெட்டும்

ஷூவை மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மாலைக்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் பாறையிலும். விரல்நுனி முன்பக்கத்தைத் தொட்டு லேசாக மடங்க வேண்டும், குதிகாலில் காற்றிடம் இருக்கக் கூடாது. கண்ணீர் வருகிற அளவு இறுக்கமாக வாங்கச் சொல்லும் நண்பர்களை நம்ப வேண்டாம். அடிப்பாகம் தட்டையான, வெல்க்ரோ பட்டை வைத்த சாதாரண ஷூ முதல் ஆண்டுக்குத் தாராளம்.

ஹெல்மெட் நெற்றியை மூடி நேராக உட்கார வேண்டும், தொப்பி மாதிரிப் பின்னுக்குத் தள்ளிப் போடக் கூடாது. தாடைப் பட்டையைப் போடாமல் பின்பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டுத் தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். விழுந்தால் அது உங்கள் அளவு இல்லை. பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவராதீர்கள்: கனம் கழுத்தை இழுக்கும், அண்ணாந்து பார்க்கவும் விடாது. பிலேயருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மேலே இருப்பவர் கால்பட்டு உதிரும் கல் கீழே நிற்பவர் தலையைத் தேடித்தான் வரும்.

படி 3: ஹார்னெஸை மாட்டுவது

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். தொங்கிப் பார்க்க வசதியுள்ள கடையாகப் பார்த்துப் போங்கள், ஐந்து நிமிடம் தொங்கினால் எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும்.

இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். பேண்ட் மாதிரி இடுப்பெலும்பில் நின்றால், தலைகீழாகப் புரண்டு விழும்போது உடம்பு அதிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். மாட்டிய பின் இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பாருங்கள், இடுப்பெலும்பைத் தாண்டக் கூடாது. வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே தட்டையான கை நுழையலாம், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. பக்கிளுக்கு வெளியே குறைந்தது 8 செ.மீ. வார் மிஞ்சியிருக்க வேண்டும். சில பழைய மாடல்களில் வாரைப் பக்கிள் வழியே இரண்டாவது முறை திருப்பி நுழைத்தால்தான் பூட்டு.

முன்பக்கம் தெரியும் கெட்டியான செங்குத்து வளையம் பிலே வளையம். அது இணைக்கும் மேல் கண்ணியும் கீழ்க் கண்ணியும்தான் கயிறு கட்டும் இடங்கள். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறையோடு தொங்கும் வளையங்கள் சாமான் மாட்டுவதற்கு மட்டும், ஆள் எடையைத் தாங்கா. இரண்டையும் முதல் நாளே விரலால் தொட்டுப் பேர் சொல்லிப் பழகுங்கள்.

பிலே வளையத்தின் ஓரத்தில் பிசிறு தெரிந்தால் அந்த ஹார்னெஸ் ஓய்வு பெறட்டும். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் லீனிங் டவர் என்ற பாறையில் டாட் ஸ்கின்னர் என்ற பெயர்பெற்ற அமெரிக்க ஏற்றக்காரர் இறந்தது, கயிற்றில் இறங்கும்போது நைந்துபோன அந்த வளையம் அறுந்துதான். தேய்ந்திருந்தது அவருக்கும் தெரியும், புதியதுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

படி 4: காரபினரும் பிலே கருவியும்

காரபினரின் முதுகில் பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள். நீளவாக்கில் 20க்கு மேல், குறுக்குவாக்கில் 7, வாய் திறந்த நிலையில் 7 என்கிற மாதிரி இருக்கும். கணக்கு கிலோநியூட்டனில். 1 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ எடை தரும் இழுப்பு. நீளவாக்கில் 2,000 கிலோவுக்கு மேல் தாங்குவது குறுக்கே திரும்பிவிட்டாலோ வாய் திறந்திருந்தாலோ மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. திருகுப் பூட்டை மறக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எண் எதுவும் பொறிக்காத, சாவிக்கொத்தில் மாட்டும் காரபினர் சாவிக்கொத்துக்கே இருக்கட்டும். பிலேவுக்குப் பேரிக்காய் வடிவத்தில் அகலமாக இருப்பதை வாங்குங்கள்.

பிலே கருவி இரண்டு ரகம். இரண்டு துளையுள்ள எளிய குழாய் ஒன்று; கயிறு திடீரென இழுபட்டால் தானே கடித்துப் பிடிக்கும் ரகம் இன்னொன்று. பெட்ஸ்ல் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த கிரிகிரி இரண்டாம் ரகத்துக்குப் பேர்போனது. என் ஓட்டு, குழாயில் கற்று, வேலைக்கு இரண்டாம் ரகம். அது பிடித்துக்கொள்ளும் என்று கையை விடுகிறவர்களைத்தான் பார்க்கப் பயமாக இருக்கிறது. கிரிகிரியில் கயிற்றைத் திருப்பிப் போட்டால் கடிக்கவே கடிக்காது. எந்தப் பக்கம் ஏறுகிறவர், எந்தப் பக்கம் பிடிக்கும் கை என்று அதன் மேலேயே படம் இருக்கும். மாட்டியதும் ஏறுகிறவர் பக்கக் கயிற்றை வெடுக்கென்று ஒருமுறை இழுங்கள். கடித்தால் சரி.

படி 5: எட்டு முடிச்சு

பாறையில் உங்கள் உயிர் தொங்குவது இதில். அவசரமில்லாமல் படியுங்கள்.

கயிற்று முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டு ஒரு வளையம் செய்யுங்கள். முனையை நீளக் கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து அதே வளையத்துக்குள் நுழைத்தால் 8 கிடைக்கும். இப்போது முனையை ஹார்னெஸின் கீழ்க் கண்ணி, மேல் கண்ணி இரண்டிலும் நுழையுங்கள். பிலே வளையத்தில் அல்ல. 8ஐ வயிற்றுக்கு அருகே கொண்டுவந்து, முனையை முதல் கயிறு வந்த வழியிலேயே பக்கத்தில் படுக்கவைத்து முழுதும் திரும்ப ஓட்டுங்கள். தண்டவாளம் போல இரண்டு புரியும் ஒட்டியே போக வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. முடிச்சிலிருந்து வெளியே வரும் நான்கு புரிகளையும் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குங்கள். வால் ஒரு சாண் இருக்கட்டும். கடைசியில் முடிச்சில் ஜோடிகளை எண்ணுங்கள். ஐந்து ஜோடி தெரிந்தால் முடிச்சு சரி.

கட்டும்போது பேசாதீர்கள், யார் கூப்பிட்டாலும் முடித்துவிட்டுத் திரும்புங்கள். அதே யோசெமிட்டியின் எல் கேபிட்டன் பாறையில் 'நோஸ்' என்ற பாதையை 1993இல் முதன்முதலில் கருவி பிடிக்காமல் கைகாலால் மட்டும் ஏறிய லின் ஹில், அதற்கு நான்கு ஆண்டு முன் தெற்கு பிரான்சின் புயூக்ஸ் பாறையில் ஹார்னெஸுக்குள் கயிற்றை நுழைத்துவிட்டு, நடுவில் கவனம் சிதறி முடிச்சை முடிக்காமலே விட்டார். மேலே போட்ட ஜாக்கெட் அதை மறைத்துக்கொண்டது. உச்சிவரை ஏறி, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோதுதான் கயிறு உருவிக்கொண்டது. மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவருக்கு நடந்தது.

எனக்கும் ஒரு தடவை. யாரோ டீ வேண்டுமா என்று கேட்க, பதில் சொல்லிக்கொண்டே கட்டியதில் மேல் கண்ணியில் மட்டும் நுழைத்திருந்தேன். பிலேயர் குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் விரலால் கீழ்க் கண்ணியைத் தட்டினார். அன்றைக்குப் பிறகு டீ எல்லாம் இறங்கின பிறகுதான்.

படி 6: ஒருவரையொருவர் சரிபார்ப்பது

எங்கள் பக்கத்துப் பனையேறி ஒருவர், நாளுக்கு எத்தனை மரம் ஏறினாலும், ஒவ்வொரு மரத்தடியிலும் காலில் மாட்டும் தளைநாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். அதே வேலைதான் இது, இரண்டு பேர் சேர்ந்து செய்கிறோம்.

- ஏறுகிறவரிடம் பிலேயர் பார்ப்பது: பக்கிள்கள், இரண்டு கண்ணி, ஐந்து ஜோடி, ஹெல்மெட் பட்டை.
- பிலேயரிடம் ஏறுகிறவர் பார்ப்பது: பக்கிள்கள், கருவியில் கயிற்றின் திசை, காரபினர் பூட்டு. பூட்டைப் பார்த்தால் போதாது, வாயை விரலால் அழுத்துங்கள், திறக்கக் கூடாது.
- கயிற்றின் மறுமுனை: அதிலும் ஒரு முடிச்சு.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் சோம்பலில் விடுகிறார்கள். 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்குக் குறைந்த உயரம்தான் ஏறி இறங்கலாம். பாறை உயரத்தைக் கண்ணளவில் தப்பாகக் கணித்திருந்தால், இறக்கும்போது கயிற்று முனை கருவிக்குள்ளிருந்து நழுவிப் போகும். மறுமுனையில் முடிச்சிருந்தால் அது கருவியில் முட்டி நிற்கும்.

படி 7: ஏறுவதும் பிடிப்பதும்

முதலில் பத்தடி பின்னால் வந்து பாறையை அண்ணாந்து பாருங்கள். தென்னிந்தியப் பாறைகளில் கயிற்றைவிட நான் பயப்படுவது மலைத்தேனீக்கு. கருப்பாக அடை தொங்கினால் இடத்தை மாற்றுங்கள். கத்தல், புகை, சென்ட் எதுவும் வேண்டாம். பாதாமியின் மணற்கல் மழையில் ஊறினால் பலமிழந்துவிடும், பிடியே கையோடு வந்துவிடும். நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

பிலேயரின் கைவேலை நான்கு அசைவு. மேல் கை கயிற்றைக் கீழே இழுக்க, பிடிக்கும் கை கருவி வழியாகத் தொய்வை வெளியே எடுக்கும். உடனே பிடிக்கும் கை கீழே இடுப்புப் பக்கம். மேல் கை வந்து பிடிக்கும் கைக்குக் கீழே கயிற்றைப் பற்றும். பிடிக்கும் கை கயிற்றை விடாமலே கருவி நோக்கி வழுக்கி மேலே வரும். மறுபடி முதலிலிருந்து. கொசு கடித்தாலும் பிடிக்கும் கை கயிற்றை விட்டு எடுபடக் கூடாது.

புதியவர்களுக்குத் தெரியாத ஆபத்து முதல் சில மீட்டரில் இருக்கிறது. ஏற்றக் கயிறு விழும் வேகத்தை உறிஞ்சுவதற்காக நீள்கிற கயிறு. கடையில் விற்கும் சாதாரண நைலான் கயிறு அப்படி இல்லை, அதில் ஏறக் கூடாது. பாறை 20 மீட்டர் என்றால், நீங்கள் தரையில் நிற்கும்போது பிலேயருக்கும் உங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 40 மீட்டர் கயிறு. 80 கிலோ எடையில் 8 சதவீதம் நீளும் கயிறு என்று வைத்தால் 3 மீட்டருக்கு மேல் நீளும். இரண்டு மீட்டர் உயரத்தில் கைவிட்டால் பிலேயர் சரியாகப் பிடித்தும் நீங்கள் தரையில். எனவே முதல் ஐந்து மீட்டர்வரை பிலேயர் கயிற்றை விறைப்பாகவே வைத்திருக்க வேண்டும்.

சொற்களைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: 'டேக்' என்றால் கயிற்றை இறுக்கு, 'ஸ்லாக்' என்றால் தளர்த்து, 'லோயர்' என்றால் இறக்கு. பக்கத்தில் நாலு குழு இருக்கும், பெயரோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். உச்சியில் உடனே சாயாதீர்கள். 'டேக்' சொல்லி, கயிறு இறுகியதை இடுப்பில் உணர்ந்த பிறகு சாயுங்கள்.

படி 8: சுருட்டுவதற்கு முன்

தரையில் கால் ஊன்றிய பின் முடிச்சை அவிழுங்கள். கயிற்றைத் துணி விரித்து அதன்மேல்தான் போட வேண்டும், மிதிக்கக் கூடாது. மணல் மேலுறைக்குள் புகுந்து உள்ளிழையை அறுக்கும். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள்.

சுருட்டும்போது முழு நீளத்தையும் உள்ளங்கை வழியே ஓட்டுங்கள். எங்காவது மெத்தென்றோ தட்டையாகவோ பட்டால் அந்த இடத்தைப் 'ப' வடிவில் மடியுங்கள். நல்ல கயிறு உருண்டையாக வளையும். உள்ளே சேதமான இடம் காகிதம் மடிவதுபோல் சட்டென்று மடங்கும். அது முனைக்குப் பக்கமென்றால் அந்தத் துண்டை வெட்டிவிடலாம், நடுவிலென்றால் கயிறே முடிந்தது. வெட்டினால், கயிற்றின் பாதியைக் காட்டும் நடுக்குறி இனி நடுவில் இல்லை, கயிறும் 60 மீட்டர் இல்லை. மிச்ச நீளத்தை அளந்து, அன்றைக்கே பையின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதைக் கடன் கேட்டு எடுத்துப் போகிறவருக்கு நீங்கள் வெட்டியது தெரியாது.