ராணுவப் பயிற்சிக்குப் போகுமுன் காலைச் சோதித்துக்கொள்ளுங்கள்

அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் 60 மதிப்பெண் கிடைக்கும். அந்த ஓட்டத்துக்காக உயிரை விடுபவர்கள், அதற்குப்பின் மாதக்கணக்கில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியை நினைப்பதில்லை. கால் பழுதாவது அங்கேதான்.

படி 1: நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். பழைய காயம் உண்டா? புகைப்பழக்கம் உண்டா? கடந்த இரண்டு மாதத்தில் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். அணியில் எல்லோருக்கும் ஒரே வேகம்; மெதுவாக ஓடிப் பழகியவருக்கு அதே வேகம் இரட்டிப்புச் சுமை. பெண்களுக்கு எலும்பு விரிசல் அதிகம் என்பார்கள். ஓட்டத் திறன் சமமாக இருப்பவர்களை ஒப்பிட்டால் அந்த இடைவெளி நன்றாகவே சுருங்கிவிடுகிறது.

படி 2: தூரத்தை மெல்லக் கூட்டுங்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழகாது. புதுச் சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. அதற்குச் சில வாரம் ஆகும். புதிதாகக் கட்டி முடிக்கவோ மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அது பலவீனமாக இருக்கும். அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாத வீக்கத்தைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹௌப்ட் 1855-லேயே பதிவுசெய்தார். அது விரிசல் என்று தெரிந்தது எக்ஸ்ரே வந்தபிறகுதான். ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரம் ஒருநாளாவது ஓடாமல் இருங்கள்.

படி 3: பூட்ஸைப் போட்டுப் பழக்குங்கள். பாத வளைவுக்கேற்ற ஷூ என்று விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். அமெரிக்கப் படைகளில் அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. ஓடுமுன் தசையை இழுத்து நீட்டுவதும் அப்படித்தான்: ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,500-க்கும் மேற்பட்ட புதியவர்களிடம் சோதித்தும் பெரிய பலன் தெரியவில்லை. அந்த நேரத்தில் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்குங்கள்.

படி 4: கட்டைவிரல் சோதனை. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை அழுத்தியபடி கணுக்கால்வரை வாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுளீரென்று வலித்து, அந்தக் காலால் குதிக்க முடியவில்லையென்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள்தான் விரிசலை முழு முறிவாக்கிக்கொள்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி அதே இடத்தில் நின்றால் மறுபடி போய்க் காட்டுங்கள்.