பேட்ச் அனுப்பும் முன் கெர்னல் பில்டைச் சோதிப்பது எப்படி?

லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) பேட்ச், அதாவது நிரல் மாற்றம், அனுப்பும்போது ‘என் கணினியில் கம்பைல் ஆகிறதே’ என்ற பேச்சு எடுபடாது. எந்தெந்தப் பகுதிகள் பில்டில் சேரும் என்று முடிவுசெய்யும் ஆயிரக்கணக்கான கான்ஃபிக் தேர்வுகளில் நீங்கள் பார்த்தது ஒரே ஒரு சேர்க்கை.

படி 1: ஜிசிசி கம்பைலர், பில்டை ஓட்டும் மேக், ஃபிளெக்ஸ், பைசன் போன்ற கருவிகளை நிறுவிக்கொள்ளுங்கள். நிரலில் கை வைக்கும் முன்பே ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ (இயல்பான கான்ஃபிக்கை உருவாக்கும்), அப்புறம் ‘மேக்’ ஓட்டிவிடுங்கள். பின்னால் ஏதாவது உடைந்தால் அது உங்கள் வேலையா, ஏற்கெனவே இருந்ததா என்று குழம்ப வேண்டியிருக்காது.

படி 2: மாற்றத்தைச் செய்து மறுபடி ‘மேக்’. பிழை எதுவும் வரவில்லையா? உடனே நம்பாதீர்கள். உங்கள் டிரைவர் கான்ஃபிக்கில் அணைந்திருந்தால், அந்தக் கோப்பைக் கம்பைலர் திறந்தே பார்த்திருக்காது. நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். இப்போதெல்லாம் வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுவேன். பில்ட் அலறினால்தான் நிம்மதி.

படி 3: தேர்வுகளைப் பட்டியலாகக் காட்டும் ‘மேக் மெனுகான்ஃபிக்’ திறந்து உங்கள் தேர்வை மட்டும் அணையுங்கள். புதிதாக ஒரு செயற்கூறு எழுதி, வேறொரு கோப்பிலிருந்து அதை அழைத்திருப்பீர்கள். தேர்வு அணைந்ததும் செயற்கூறு போய்விடும், அழைப்பு அப்படியே நிற்கும், கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் கைவிரித்துவிடும். தேர்வு இல்லாதபோது மட்டும் பயன்படும் வெற்று ‘ஸ்டேட்டிக் இன்லைன்’ செயற்கூறு ஒன்றை ஹெடரில் வைப்பது வழக்கமான தீர்வு. அடுத்து, முடிந்ததையெல்லாம் மாட்யூலாக (தனியாக ஏற்றக்கூடிய துண்டாக) வைக்கும் ‘மேக் ஆல்மாட்கான்ஃபிக்’ போட்டு பில்ட் செய்யுங்கள். மாட்யூல் அழைக்கும் செயற்கூறை எக்ஸ்போர்ட் செய்ய (மாட்யூல்களுக்குத் திறந்துவிட) மறந்திருந்தால், மாட்யூல்களைச் சரிபார்க்கும் ‘மாட்போஸ்ட்’ கட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய லேப்டாப் என்றால் இதை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

படி 4: 32 பிட். கான்ஃபிக், மேக் இரண்டிலும் ‘ஆர்ச்=ஐ386’ சேர்த்து ஓட்டுங்கள். 64 பிட் எண்ணை ஒரு மாறியால் சாதாரணமாக வகுத்திருந்தால், ஜிசிசி தன் உதவி நூலகத்திலுள்ள செயற்கூறைத் தேடும். கெர்னல் அந்த நூலகத்தோடு இணைவதில்லை, அதனால் பில்ட் உடையும். டிவ்_யு64 போன்ற கெர்னலின் சொந்த வகுத்தல் செயற்கூறுகள் இதற்காகவே இருக்கின்றன.

படி 5: பேட்ச் பல துண்டுகளா? ‘கிட் ரீபேஸ்’ கட்டளையின் ‘எக்ஸெக்’ தேர்வில் ‘மேக்’ கொடுங்கள். ஒவ்வொரு கமிட்டையும் (பதிவான மாற்றத்தையும்) பில்ட் செய்துகொண்டே வந்து, உடைந்த இடத்தில் நின்றுவிடும். மூன்றாவது துண்டில் உடைந்ததை நான்காவது சரிசெய்கிறது என்ற சமாதானம் செல்லாது. என்றோ ஒருநாள் வேறு கோளாறைத் தேடி, எந்தக் கமிட்டில் அது வந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துப் பார்க்கும் ‘கிட் பைசெக்ட்’ ஓட்டுபவர், சரியாக அந்த மூன்றாவதில் வந்து மாட்டுவார்.