ட்ரிபியூனலுக்குப் போகும் முன்: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

என் தங்கையின் விவாகரத்து விஷயமாக மலேசியத் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னின் திருமணத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது ட்ரிபியூனலுக்கு, துணையாகப் போன அன்று, அவள் மடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கோப்பு இருந்தது. வாட்ஸ்அப் பேச்சு, போன் பில், எங்கேயோ சாப்பிட்ட ரசீது, எல்லாம் தேதிவாரியாக மஞ்சள் மார்க்கர் போட்டு. கல்யாண சர்ட்டிபிகேட் மட்டும் இல்லை. அது வீட்டு அலமாரியில் இருந்தது. என் வீட்டுக்காரர் பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்குப் போய் எடுத்து வந்தார்.

அந்தக் கோப்பை அங்கே யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய வேலையும் அவர்களுக்கு இல்லை. யார் மேல் தப்பு என்று சொல்லும் இடம் அல்ல அது. சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று இரண்டு பேரையும் கேட்பார்கள். இல்லை என்று ஆனால், முடியவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். 'தீர்ப்பாயம்' என்ற பேர்தான் நம்மைக் குழப்புகிறது. ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஜெயிக்கப் போகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வந்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம், அது வேறு வழி. இந்தச் சட்டத்தின் 106ஆவது பிரிவுப்படி, ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவதென்றால், அதற்கு முன் சமரசக் குழு ஒன்றிடம் போயிருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் போவது ஜேபிஎன் தீர்ப்பாயத்துக்கு.

'ஒருவர் மட்டும்' என்பதில்தான் முதல் தவறு. இரண்டு பேருக்கும் பிரிய சம்மதம், பிள்ளைகள், பணம் எல்லாம் பேசி முடிந்துவிட்டது, கல்யாணமாகி இரண்டு வருடமும் ஆகிவிட்டது என்றால் கூட்டு மனு போடலாம். அதற்கு ட்ரிபியூனல் தேவையில்லை. இது தெரியாமல், உள்ளே போய் உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறி, ஒத்துப்போயிருந்த விஷயத்திலும் சண்டை மூட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவே செய்யாமல் விட்டவர்கள், எந்த போரத்தையும் நிரப்பும் முன் ஒரு லாயரைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது ஆண்கள் பக்கம் அதிகம் கேட்பது: "நான் போகலன்னா அவ என்ன பண்ண முடியும்?" நிறைய பண்ண முடியும். வரச்சொல்லியும் வேண்டுமென்றே வராமல் இருந்தால், அதையே காட்டி எதிர்த்தரப்பு மேலே போகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வீம்புக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் இழப்பது, தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பை மட்டுமே. கணவரோ மனைவியோ விட்டுப் போய் இருக்கும் இடமே தெரியவில்லை, வெளிநாட்டில் இருக்கிறார், ஆறு மாதத்துக்குள் வர மாட்டார், ஐந்து வருடமோ அதற்கு மேலோ சிறை, தீராத மனநோய் என்றாலும் இந்தச் சமரசப் படியிலிருந்து விலக்கு உண்டு. அப்படி இருப்பவர்கள் வீணாக வரிசையில் நிற்க வேண்டாம்.

கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதைப் பற்றி என்ன சொல்ல. லாயர் உள்ளே வந்து வாதாட அனுமதி இல்லை. குடும்பத்தில் ஒருவர் வரலாம். ஒருவர் என்றால் நம் ஊரில் ஒரு வேன். சித்தப்பா, அத்தை, கோயில் கமிட்டியில் இருக்கும் மாமா. அன்று எங்களுக்கு முன்னால் காத்திருந்த ஒரு குடும்பத்தில் இரண்டு சம்பந்திகளும் நடைவழியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட பையனும் பெண்ணும் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபம் வராத ஒருவரை மட்டும் கூட்டிப் போங்கள். நம் அம்மாக்கள் அந்த வகை இல்லை.

அடி, உதை இருக்கும் வீடு என்றால் இதில் எதுவும் பொருந்தாது. "சமரசம் பேசப் போறோம், இப்ப போலிஸ் ரிப்போர்ட் போட்டா அவர் பேரு கெட்டுடும்" என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சமரசத்துக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, இரண்டும் வேறு வேறு கதவு. சமூக நல இலாகாவிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அது ஏழு நாள் செல்லும். அதற்குமேல் போலிஸ் ரிப்போர்ட் வழியாக நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அடித்தவரோடு ஒரே மேசையில் உட்கார முடியாது என்றால் அதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். விசேஷ சூழ்நிலை என்று கருதினால் இந்தச் சமரசப் படியே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

சரி, கோப்புக்குப் பதில் என்ன கொண்டு போவது? ஐசி (அடையாள அட்டை), கல்யாண சர்ட்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். அப்புறம் ஒரே ஒரு தாள். இரண்டாவது தடவை போவதற்கு முந்தின ராத்திரி தங்கையை உட்கார வைத்து அதை எழுத வைத்தேன். வீட்டு வாடகை, பள்ளி வேன், டியூஷன், சின்னவனின் ஆஸ்துமா மருந்து, மளிகை. எல்லாம் மாதக் கணக்கில், வெள்ளியில் (ரிங்கிட்டில்). எழுதி முடித்தபோதுதான், "ஏதோ கொடுத்தா போதும்" என்று அவள் மனதில் வைத்திருந்த தொகை பாதிக்குக்கூட வராது என்று அவளுக்கே தெரிந்தது. இந்தத் தாள் ஏன் முக்கியம் என்றால், சமரசம் முடியாமல் சான்றிதழ் கொடுக்கும்போது ஜீவனாம்சம், சொத்து, பிள்ளைகள் பற்றித் தங்கள் பரிந்துரையையும் அதில் சேர்க்க அந்தக் குழுவுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் கேட்கும்போது நாம் அழுதுகொண்டிருந்தால் எழுத ஒன்றும் இருக்காது.

பிள்ளைச் செலவு பதினெட்டு வயதோடு முடிந்தது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். 2018 டிசம்பர் 15 முதல் சட்டம் மாறிவிட்டது. பிள்ளை மேற்படிப்பு படித்தால் அது முடியும் வரை கேட்கலாம். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்பது சட்டத்தின் ஆரம்ப எண்ணம்தான், மாற்ற முடியாத விதி அல்ல. "சின்ன பிள்ளை, எப்படியும் எனக்குத்தான்" என்று அலட்சியமாகப் போக வேண்டாம். அதேபோல பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் "யார் வேணும்னு சொல்லு" என்று நிறுத்தவும் வேண்டாம்.

மொழி விஷயம் ஒன்று. பேசுவது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். பதற்றத்தில் என் தங்கை, எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சையில் மலாய்க்கு ஏ வாங்கியவள், எல்லாவற்றுக்கும் "யா புவான், யா புவான்" (ஆமாம் மேடம்) என்று தலையாட்டினாள். "திரும்பச் சேர்ந்து இருக்கச் சம்மதமா" என்ற கேள்விக்கும்.

தேதி தள்ளுவதும் நம் பழக்கம். தைப்பூசம் முடியட்டும், தீபாவளி வரட்டும், ஆடி போகட்டும். குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் ஆறு மாதம். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு மாதம் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

கடைசியாக, வெளியே வந்ததும் கோப்பிக் கடையில் நடக்கும் தவறு. "உள்ள பேசினதுதானே, இதுல ஒரு கையெழுத்து போடு" என்று தாளை நீட்டுவார்கள். வீடு, கார், இபிஎப் (சேமநிதி) பணம் எதுவாக இருந்தாலும் லாயர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். ட்ரிபியூனலின் பரிந்துரையும் பரிந்துரைதான், கட்டுப்படுத்துவது நீதிமன்ற ஆணை. அந்தச் சான்றிதழும் விவாகரத்துப் பத்திரம் இல்லை, மனுப் போட உதவும் ஒரு சூராட் (கடிதம்), அவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். மனு, விசாரணை, இடைக்கால ஆணை, அதன்பின் வழக்கமாக மூன்று மாதம், பிறகுதான் முழு ஆணை. அந்தத் தாள் வரும் வரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.