மூடிப்போன ஓட்டலின் கதையைத் தேடி எடுப்பது எப்படி

திருவல்லிக்கேணியில் என் அப்பா சரக்கு மாஸ்டராக (பலகாரம் போடுபவராக) இருந்த ஓட்டல் மூடி வெகுகாலம் ஆகிறது. அதை யார் யார் நடத்தினார்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்று இறங்கியதில் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை இருந்திருக்கும்.

முதலில், "முதலாளி யார்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கட்டடக்காரர் ஒருவர், கடைப்பெயருக்கு உரியவர் இன்னொருவர், குத்தகைக்கு எடுத்துக் கல்லாவில் உட்கார்ந்தவர் மூன்றாமவர் என்பது சென்னையில் சகஜம். நோட்டில் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். உட்லண்ட்ஸ் ஓட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். கே. கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் அதைத் தொடங்கியது ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவில், வாடகைக்கு. கதீட்ரல் ரோட்டில் 1962-ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் (காரில் இருந்தபடியே சாப்பிடும் ஓட்டல்) இருந்ததும் குத்தகை நிலம்தான். அதனால்தான் 2008-ல் மூட வேண்டியதாயிற்று. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள்.

இங்கிலாந்தில் பப் எனும் மதுக்கடைகளுக்கு 1552-லேயே உரிமச் சட்டம் வந்துவிட்டது. கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தமாக இருந்தாலும் உரிமம் அந்நாளில் நடத்துபவர் பெயரில்தான் இருந்தது. பழைய உரிமப் பதிவேடு கிடைத்தால் ஒருவர் பின் ஒருவராகப் பெயர்கள் வந்துவிடும். நம் காப்பி கிளப்புகளுக்கு அப்படி ஒரே இடத்தில் எதுவும் கிடைக்காது. பல இடங்களில் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். காகிதம் காத்திருக்கும், எண்பது வயது சப்ளையர் காத்திருக்க மாட்டார். முதலாளியின் வாரிசைவிட வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம். சப்ளையர், கிளீனர், மாவரைத்தவர், பால் ஊற்றியவர், இலை போட்டவர் எல்லோரையும் பாருங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் திணறுவார்கள். "எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தார்?" என்று கேளுங்கள், டக்கென்று பெயர் வரும். 1987 டிசம்பர் என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். "சம்பளம் யார் கையால் வாங்கினீர்கள்?" என்பதும் நல்ல கேள்வி, நிஜமாக நடத்தியவர் அதில் தெரிந்துவிடுவார்.

அப்புறம் பொருள்கள். பழைய ஓட்டல் டவரா, அண்டாக்களில் பேர் வெட்டியிருப்பார்கள். மூடும்போது வேலையாட்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போயிருப்பார்கள், வீட்டுப் பரணில் பார்க்கச் சொல்லுங்கள். காலண்டர், பில், போட்டோ கிடைத்தால் காலம் கணிப்பது எளிது. விலைப்பலகையில் அணாக் கணக்கு இருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. முகவரி வெறும் "மதராஸ்-5" என்று முடிந்தால் பெரும்பாலும் 1972-க்கு முன். அந்த ஆகஸ்டில்தான் பின்கோடு வந்து, திருவல்லிக்கேணி 600005 ஆனது. ஆனாலும் பழைய அச்சை வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. ஒரே தடயத்தை நம்பி எழுதிவிடாதீர்கள்.

பெயர்ப்பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருந்ததா என்று அவசியம் கேளுங்கள். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் செய்தது இந்தச் சொல்லை எடுக்கச் சொல்லித்தான். யார் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதை விட்டுவிட்டு ஓட்டல் சரித்திரம் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

காகிதங்களில் முதலாவது வில்லங்கச் சான்று. 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும், அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் வரும். ஆனால் நடத்தியவர் அதில் சிக்காமல் போகலாம். பதிவைத் தவிர்க்கப் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போடுவது நம்மூர் வழக்கம். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது. அங்கேதான் மேலே சொன்ன ஆட்களின் பேச்சு கைகொடுக்கும். தேடும்போது பழைய கதவிலக்கம், புது இலக்கம் இரண்டையும் போடுங்கள். தெருப்பெயரும் அப்படியே: பாரதி சாலையைப் பைகிராப்ட்ஸ் ரோடு என்றும் தேட வேண்டும்.

எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. சுதந்திரத்துக்கு முந்தைய கடையென்றால் அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற பழைய மதராஸ் டைரக்டரியைக் கேளுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டும்போது தீபாவளி விளம்பரப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். உரிமையாளர் பெயரோடு விளம்பரம் கிடைத்தால் அது வில்லங்கச் சான்றுக்கு நிகர்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஓரத்தில் குறியுங்கள். கடை மூடியதற்குக் காரணம் பல நேரம் அண்ணன் தம்பி பாகத் தகராறாக இருக்கும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தப் பகுதியை வெளியே காட்டும் முன் இரு தரப்பிடமும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். முடித்ததும் முதல் நகலை முதலாளி வீட்டுக்கும், இரண்டாவதை உங்களிடம் பேசிய சப்ளையருக்கும் கொடுங்கள். கண் தெரியாதவராக இருந்தால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், திருத்தம் சொல்வார்.