பேயோடு மோதும் முன் ஒரு பக்கம் படியுங்கள்

2015-இல் வந்த ‘தி விட்சர் 3’ வீடியோ கேமை விளையாடுகிறவர்கள் பலர் எந்த அரக்கன் வந்தாலும் ஒரே மாதிரி வாளை வீசிப் பார்த்து, தோற்று, அப்படியே விட்டுவிடுகிறார்கள். சண்டைக்கு முன் மெனுவில் கிளாசரிக்குள் இருக்கும் ‘பெஸ்டியரி’ என்ற அரக்கர் குறிப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த உயிரினத்துக்கு வாளில் பூசும் எந்த ஆயில், எந்த மந்திரக்குறி வேலை செய்யும் என்று அதிலேயே இருக்கிறது.

தொடக்கத்திலேயே பாழ்கிணற்றருகே வரும் ‘நூன்ரெய்த்’ நல்ல உதாரணம். அறுவடை வயலில் உச்சி வெயிலில் திரியும் பெண் பேய் என்பது போலந்து நாட்டார் நம்பிக்கை; அதிலிருந்து வந்த உருவம் இது. நம் ஊரிலும் உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்பார்கள் இல்லையா, அந்தப் பயம் அப்படியே இதில் இருக்கிறது. சாதாரணமாக வெட்டினால் இதற்கு அவ்வளவாக உறைக்காது. தரையில் ‘இர்டன்’ என்ற மந்திரக்குறியைப் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் வந்ததும் புகை போன்ற உடல் கெட்டிப்படும். அப்போது வெள்ளி வாளால் வெட்டுங்கள். வாளில் பேய்களுக்கான ஸ்பெக்டர் ஆயில் பூசியிருந்தால் இன்னும் நல்லது. நடுவில் மூன்று நகல்களாகப் பிரிந்து நம் உயிரை உறிஞ்சும். பதறாமல் முதலில் நகல்களை அடித்துக் கலையுங்கள்.

நீர்நிலையோர ‘டிரவுனர்’ அரக்கர்களுக்கு ‘இக்னி’ என்ற நெருப்புக் குறி போதும். பறக்கும் அரக்கனான கிரிஃபினைக் குறுக்குவில்லால் அடித்துத் தரையில் வீழ்த்துங்கள்.

அப்புறம், கடைகளில் அரக்கர்களைப் பற்றிய புத்தகம் கிடைத்தால் வாங்கிப் படித்துவிடுங்கள். எதிரியைச் சந்திக்கும் முன்பே அதன் பக்கம் பெஸ்டியரியில் திறந்துகொள்ளும்.