ஒரே சம்பளம், வேறு மாநிலம்: அமெரிக்காவில் கைக்கு எவ்வளவு வரும்?

அமெரிக்காவில் வேலைக்கு வரும் இன்ஜினியர் ஆஃபர் லெட்டரில் முதலில் தேடுவது ஆண்டுச் சம்பளத்தை. அடுத்த நொடியே அதை ரூபாயாக்கிப் பார்த்துவிடுவோம். அதற்கு முன் கேட்க வேண்டியது, வேலை எந்த மாநிலத்தில் என்பது. நம் ஊரில் வருமான வரி மத்திய அரசோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி பிடிக்கும் தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. இங்கே பெரும்பாலான மாநிலங்களும் தனியாக வருமான வரி போடும். சில இடங்களில் நகரமும் போடும்.

ஒரு கணக்கு போடுவோம். திருமணமாகாதவர், சம்பளம் 150,000 டாலர், எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு தவிர வேறு கழிவு எதுவும் இல்லை, 2024-ஆம் ஆண்டு விகிதம். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வருமான வரி சுமார் 25,500 டாலர். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டமும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடும் சேர்த்து 7.65 சதவீதம், அதாவது 11,475. இந்த இரண்டும் எந்த மாநிலத்தில் இருந்தாலும் மாறாது. மிச்சம் சுமார் 113,000. வருமான வரி இல்லாத டெக்சாஸில், டல்லாஸிலோ ஆஸ்டினிலோ இருந்தால் அது அப்படியே உங்களுடையது. சான் ஹோசேயில் இருந்தால் கலிஃபோர்னியா வரி சுமார் 9,800 போகும். அதற்குமேல் எஸ்டிஐ என்ற ஊனமுற்றோர் காப்பீட்டுக்கு 1.1 சதவீதம், 1,650 டாலர். முன்பு இதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது, 2024-இல் எடுத்துவிட்டார்கள். ஆக, கையில் நிற்பது 101,500. மாதத்துக்கு ஏறக்குறைய 950 டாலர் வித்தியாசம்.

இதையே திருப்பிப் போட்டால் பேரம் பேச உதவும். டல்லாஸில் 150,000 வாங்குபவரின் கைப்பணம் கலிஃபோர்னியாவில் கிடைக்க, சம்பளம் 170,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கூடும் ஒவ்வொரு டாலரிலும் வரிகள் 40 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுவதுதான் காரணம். இதில் வாடகை சேரவில்லை.

வருமான வரி இல்லாத மாநிலங்கள் ஒன்பது. வயோமிங்கும் அலாஸ்காவும் அதில் உண்டு, ஆனால் அங்கே எத்தனை பேர் போகப்போகிறோம்? நம்மவர்களுக்கு வேலை கிடைக்கும் இடம் பெரும்பாலும் டெக்சாஸ், வாஷிங்டன். அப்புறம் கொஞ்சம் ஃப்ளோரிடா, டென்னசி. என்னைக் கேட்டால் மென்பொருள்காரருக்கு இவற்றில் சிறந்தது வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் பக்கம்தான். சம்பளம் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு (சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே வட்டாரம்) பக்கத்தில் நிற்கும், மாநில வருமான வரி கிடையாது. சம்பளத்தில் இரண்டு சின்னப் பிடித்தங்கள் உண்டு: ஊதியத்துடன் கூடிய விடுப்புத் திட்டத்துக்கு ஒன்று, முதுமைக்காலப் பராமரிப்புக்கான டபிள்யூஏ கேர்ஸுக்கு 0.58 சதவீதம். எச்1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு உண்டு. 2025 வரை அதை நீங்களாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெரிய அளவில் பங்கு விற்று லாபம் பார்ப்பவர்களுக்கு அங்கே 2022 முதல் தனி வரி இருக்கிறது. புதிதாக வருபவர் இப்போதைக்கு அதை மறந்துவிடலாம்.

நடுத்தர ரகமும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் 3.07 சதவீதம், இல்லினாயில் 4.95. வட கரோலினாவில் 2024-இல் 4.5. பென்சில்வேனியா விகிதத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்: 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்கு நீங்கள் போடும் பணத்துக்கும் அந்த மாநிலம் வரி பிடிக்கும், ஃபிலடெல்ஃபியா நகரம் தன் பங்குக்கு 3.75 சதவீதத்தை ஒட்டி எடுக்கும்.

“டெக்சாஸில் வருமான வரி இல்லை என்பார்கள், வீட்டு வரியில் பிடுங்கிவிடுவார்கள்” என்று எல்லாப் பொங்கல் விழாவிலும் ஒருவராவது சொல்வார். பாதி உண்மை. டல்லாஸுக்கு வடக்கே 500,000 டாலருக்கு வீடு வாங்கினால் சொத்து வரி ஆண்டுக்கு 10,000 வரை வரலாம், நீங்கள் மிச்சம் பிடித்த வருமான வரி அளவுக்கு. ஆனால் பே ஏரியாவில் 500,000-க்கு வீடு எங்கே இருக்கிறது? அங்கே 1.5 மில்லியன் கொடுத்து வாங்கினால், 1.2 சதவீதம் என்று வைத்தாலும் 18,000 ஆகிறது. கலிஃபோர்னியாவின் உண்மையான சலுகை வேறு. 1978-இல் வந்த ப்ரொப்பசிஷன் 13 என்ற சட்டத்தின்படி, வரிக்கான வீட்டு மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அது இருபது வருடம் அதே வீட்டில் இருப்பவருக்குப் பெரிய லாபம். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞருக்கு இந்தச் சண்டையே நேரடியாகத் தேவையில்லை. அவருக்கு டெக்சாஸ் மிச்சம் மிச்சம்தான்.

விற்பனை வரியைப் பற்றியும் பயமுறுத்துவார்கள். சியாட்டிலில் அது 10 சதவீதத்துக்கு மேல், டெக்சாஸில் அதிகபட்சம் 8.25. ஆனால் அரிசி, பருப்பு, காய்கறிக்கு இந்த இரண்டு மாநிலங்களிலும் விற்பனை வரி இல்லை. கார் வாங்கும்போதுதான் உறைக்கும்.

சரி, எந்த மாநிலம் உங்களிடம் வரி கேட்கும்? பொதுவாக, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மாநிலமும் நீங்கள் வசிக்கும் மாநிலமும். கம்பெனியின் தலைமையகம் எங்கே என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. ஜெர்சி சிட்டியில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர் நியூயார்க் மாநிலத்துக்கு வரி கட்டி, அதை நியூ ஜெர்சி ரிட்டர்னில் கழித்துக்கொள்வார். அவருக்கு நியூயார்க் நகர வரி கிடையாது. நகருக்குள்ளேயே குடியிருந்தால், நம் 150,000 கணக்கில் நகரத்துக்கு மட்டும் 5,000 டாலருக்கு மேல் தனியாகப் போகும். வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: நியூயார்க் அலுவலகத்தைச் சேர்ந்தவர் தன் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களின் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்கும். போர்ட்லண்டில் வேலை செய்துகொண்டு ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் குடியிருப்பவர்களும் ஓரிகனுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

வரியை மிச்சம் பிடிக்கச் சொல்லாமல் கொள்ளாமல் டெக்சாஸுக்கு மாறி, அங்கிருந்து லாக்இன் செய்யும் யோசனை சிலருக்கு வரும். எச்1பி-யில் இருந்தால் வேண்டவே வேண்டாம். வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், மாறுவதற்கு முன்பே கம்பெனி திருத்திய மனு போட வேண்டும். 2015-இல் குடியேற்றத் துறை தந்த சிமியோ தீர்ப்பு அதை உறுதியாக்கியது. கம்பெனி சம்மதித்தாலும் புதிய ஊருக்கு ஏற்பச் சம்பளத்தைக் குறைக்கலாம். ஆகவே முதலில் ஹெச்ஆர், வக்கீல், அப்புறம் லாரி.

பங்கு கிடைக்கும் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் கவனம். ஆர்எஸ்யு, அதாவது கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்கு, வெஸ்ட் ஆகும்போது (உங்கள் பெயருக்கு வரும்போது) ஃபெடரல் வரியாக வழக்கமாக 22 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். உங்கள் வரி விகிதம் 24 அல்லது 32 சதவீதம் என்றால் மீதியை ஏப்ரலில் கட்ட வேண்டிவரும், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். கலிஃபோர்னியாவில் வேலை செய்யும்போது கொடுத்த பங்கு, நீங்கள் சியாட்டிலுக்குப் போன பிறகு வெஸ்ட் ஆனாலும், கொடுத்த நாளிலிருந்து வெஸ்ட் ஆன நாள்வரை அங்கே வேலை செய்த நாட்களின் விகிதத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும்.

ஆண்டின் நடுவில் மாநிலம் மாறினால், வருமான வரி உள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் பகுதி ஆண்டு ரிட்டர்ன் தனித்தனியாகப் போட வேண்டும். கம்பெனி சம்பளம் போடும் பேரோல் தளத்தில் முகவரியை மாற்ற மறந்தால் பழைய மாநிலத்துக்கே பணம் போய்க்கொண்டிருக்கும். திரும்ப வாங்க அடுத்த ஆண்டு ரிட்டர்ன் வரை காத்திருக்க வேண்டும். புது ஊரில் வரும் முதல் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) எந்த மாநிலத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு ஒப்பந்தம், புதிய ஓட்டுநர் உரிமம், சாமான் ஏற்றிய ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எந்தத் தேதியில் கிளம்பினீர்கள் என்று கலிஃபோர்னியா கேட்டால் காட்ட வேண்டியது இவற்றைத்தான்.