சவாங் குட் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலைச்சரிவு நெல் அறுவடை முடியும் நேரத்தில், நவம்பர் 1 அன்று குக்கி மக்கள் கொண்டாடும் விழா சவாங் குட். மணிப்பூரின் சூராசந்த்பூர், காங்போக்பி மாவட்டங்களில் இதற்குத் தனி மவுசு. போக நினைக்கிறவர்கள் முதலில் தடுமாறுவது தேதியில்தான். மார்ச்சில் மிசோரமில் நடக்கும் சப்சார் குட் படங்களைப் பார்த்துவிட்டு இதுவும் அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது காடு வெட்டி முடித்த பிறகு வரும் வசந்த விழா. இரண்டும் வேறு வேறு.

இதைவிடப் பெரிய தவறு, நிலைமை தெரியாமல் கிளம்புவது. 2023 மே 3 அன்று மெய்தி, குக்கி மக்களிடையே வெடித்த இன மோதலில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகு விழா பழையபடி நடக்கவில்லை. ஆகவே இந்த ஆண்டு நடக்கிறதா, எப்படி நடக்கிறது, வெளியாட்கள் வருவதில் அவர்களுக்குச் சம்மதமா என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். இம்பால் விமான நிலையத்திலிருந்து சூராசந்த்பூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் பாதுகாப்புப் படையின் சோதனைகள் இருக்கும், எல்லா ஓட்டுநராலும் அந்தப் பக்கம் போக முடியாது. வண்டியை நீங்களே முடிவு செய்யாமல் அழைக்கிறவரிடம் விட்டுவிடுங்கள். 2020 ஜனவரி 1 முதல் வெளிமாநிலத்தவருக்கு உள்கோட்டு அனுமதியும் (Inner Line Permit, மாநிலத்துக்குள் நுழைவதற்கான அரசு அனுமதி) தேவை.

அப்புறம், பேச்சு. "நீங்க மியான்மர்லேர்ந்து வந்தவங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வந்தேறிகள் என்ற பழியை நாள்தோறும் கேட்டுப் புண்பட்டவர்கள் அவர்கள். எல்லாரையும் குக்கி என்று பொதுவாக அழைப்பதும் சரியல்ல. பைத்தே, மார், தாடோ என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் பலர். எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். சூராசந்த்பூரை அங்கே பலர் லம்கா என்றுதான் சொல்வார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்களே மனம்விட்டுப் பேசினால், குறுக்கிடாமல் கேளுங்கள். நிவாரண முகாம் பக்கம் கேமராவோடு போகவே கூடாது.

பேச்சைத் தொடங்க நல்ல விஷயம் வேண்டுமென்றால் மோரே இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த எல்லை ஊரில் 1960களிலிருந்து குக்கிகளுக்கு அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

பழங்காலத்தில் அரிசி மதுவோடு நடந்த விழா இது. இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மேடையில் ஜெபம் நடக்கும்போது எழுந்து நில்லுங்கள். மது கிடைக்குமா என்று கேட்டு அலைய வேண்டாம்.

கோசெம் என்ற வாத்தியம் கண்ணில் பட்டால் கை பரபரக்கும். சுரைக்குடுக்கையில் மூங்கில் குழாய்களைச் செருகி ஊதுவார்கள். வாசிப்பவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நடனக் குழுவினர் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது படம் எடுப்பதும் அநாகரிகம்.

சைபிகுப் சால்வையை செல்ஃபிக்காக வாங்கி இடுப்பில் சுற்றிக்கொள்ளாதீர்கள்; மரபுப்படி அது மரியாதைக்குரிய உடுப்பு. உங்கள் தோளில் யாராவது போர்த்தினால் தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்ளலாம். நெய்தவரிடமே வாங்குவதானால், சொன்ன விலையைக் கொடுங்கள். முகாமில் தங்கி நெய்கிற பெண்ணாகக்கூட அவர் இருக்கலாம்.